உண்டா, திறந்திருக்கிறதா, ஓடுகிறதா? கெர்னலின் மெமரி மறையாக்க ஆவணத்துக்கு முதல் பேட்ச் எழுதுவது எப்படி

மொரிஷியஸின் எபென் சைபர்சிட்டியில் சர்வர் வேலை பார்க்கிற யாருக்கும் தணிக்கைப் படிவத்தை விளக்கத் தேவையில்லை. வருடம் ஒரு தடவை வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் வந்த ஒன்றில் ஒரு கேள்வி: 'சர்வரின் மெமரி மறையாக்கம் செய்யப்படுகிறதா? ஆம் / இல்லை.' டெர்மினலைத் திறந்து ப்ராக் அடைவிலிருக்கும் சிபியுஇன்ஃபோ ஃபைலைப் பார்த்தேன். சில்லின் வசதிகளைக் காட்டும் கொடிகளின் நீண்ட வரிசையில் எஸ்எம்இ என்று ஒன்று கண்ணில் பட்டது. மெமரியில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் (என்கிரிப்ஷன்) ஏஎம்டி சில்லின் மறையாக்க வசதிக்கு அதுதான் பெயர். 'ஆம்' என்று டிக் போட்டுவிட்டு, தால் பூரி வாங்கக் கீழே இறங்கிப் போனேன்.

நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்னதல்ல, ஆனாலும் பொய்தான். அந்த சர்வரில் ஒரு பைட்கூட மறையாக்கம் ஆகவில்லை என்பது அடுத்த வருடம் லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்தபோதுதான் தெரிந்தது. இரவு பதினோரு மணிக்கு, கூட வேலை பார்க்கிற தம்பி போன் பண்ணினான். "அண்ணே, எஸ்எம்இ கொடியைக் காணோம். என்கிரிப்ஷன் போயிருச்சு!" போவதற்கு முதலில் அது இருந்திருக்க வேண்டுமே. இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை. அந்தக் கொடிக்கு இருந்த அர்த்தம்தான் மாறியிருந்தது.

2022 தொடக்கத்தில் லினக்ஸ் கெர்னலில் ஒரு சின்ன மாற்றம் நுழைந்தது. அதற்கு முன்பு, சில்லில் வசதி இருந்து, கணினியைத் தொடக்கும் பயாஸும் அதைத் திறந்துவிட்டிருந்தால், கெர்னல் அதைத் தொடாவிட்டாலும் கொடி தெரியும். அதற்குப் பிறகு, கெர்னலே அதைப் பயன்படுத்தினால்தான் தெரியும். அதே மூன்றெழுத்து, வேறு செய்தி. இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆவணம் என்ற ஒன்று தேவைப்படுகிறது. ரோஸ் ஹில்லில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமை மாலை சில பிள்ளைகளோடு உட்கார்ந்து கெர்னல் பார்க்கிறோம். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழை விரும்பிப் படித்தவர்கள். கெர்னலுக்குள் முதல் காலை எங்கே வைப்பது என்று அவர்கள் கேட்டபோது, ஆவணத்தில் வையுங்கள் என்றேன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். தமிழில் தட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வந்தவர் ஒருவர் உண்டு, அதனால் சொல்கிறேன்.

என்ன சங்கதி இது?

ரேமில் இருப்பது மின்சாரம் போனதும் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். உடனே அழிவதில்லை. சில்லைக் குளிரவைத்தால் இன்னும் நேரம் தாங்கும், எடுத்து வேறு கணினியில் செருகி வட்டின் சாவியைக்கூடப் படித்துவிடலாம் என்று 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அதற்கு மருந்து, ரேமுக்குப் போகும் வழியிலேயே எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துவிடுவது. ஏஎம்டியில் மெமரி கன்ட்ரோலருக்குள்ளேயே ஏஇஎஸ் இயந்திரம் இருக்கிறது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி பிறக்கும், மென்பொருள் எதுவும் அதைப் பார்க்க முடியாது. இதுதான் எஸ்எம்இ. ஏஎம்டியின் டாம் லென்டாக்கி எழுதிய பேட்ச்கள் (கெர்னல் மூலத்துக்கு அனுப்பும் மாற்றத் துண்டுகள்) வழியாக 2017இல் 4.14 கெர்னலில் வந்து சேர்ந்தது. மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி தருவது எஸ்இவி. இன்டெலில் மொத்த மெமரிக்கும் உள்ள வசதி டிஎம்இ. மெய்நிகர் இயந்திரத்துக்கானது டிடிஎக்ஸ். இந்தக் கட்டுரையில் எஸ்எம்இயைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஒன்று புரிந்தால் மற்றவற்றின் ஆவணங்களும் புரியும்.

எஸ்எம்இ வேலை செய்யும் விதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள், ஆவணத்தில் பாதி அதைப் பற்றியதுதான். மெமரியின் எந்தப் பக்கம் எங்கே என்று சொல்லும் பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் ஓர் இயற்பியல் முகவரி இருக்கும். அதன் உச்சியில் ஒரு பிட்டை எடுத்து 'இந்தப் பக்கத்தை மறையாக்கு' என்ற அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு சி-பிட் என்று பெயர். ஏஎம்டியின் சர்வர் சில்லான எபிக்கின் முதல் தலைமுறையில் அது 47ஆவது பிட். பிறகு வந்த மிலான் தலைமுறையில் 51. எந்த பிட் என்று கெர்னல் ஊகிப்பதில்லை, சில்லையே கேட்கிறது. சிபியுஐடி கட்டளையை 8000001எஃப் என்ற எண்ணோடு கேட்டால், ஈஏஎக்ஸ் ரிஜிஸ்டரின் 0ஆவது பிட் எஸ்எம்இ உண்டா என்று சொல்லும், 1ஆவது பிட் எஸ்இவி உண்டா என்று சொல்லும். ஈபிஎக்ஸின் 0 முதல் 5 வரையுள்ள பிட்கள் சி-பிட் எங்கே என்றும், 6 முதல் 11 வரையுள்ளவை இதனால் முகவரியில் எத்தனை பிட் குறையும் என்றும் சொல்லும்.

குறையும் என்பது வெறும் கணக்கு விஷயம் அல்ல. 32 பிட் முகவரி மட்டும் பேசத் தெரிந்த பழைய சாதனம் 47ஆவது பிட்டை எப்படி எழுதும்? எழுத முடியாது. சாதனங்களின் முகவரிகளை மாற்றித் தரும் ஐஓஎம்எம்யு இல்லையென்றால் இடையில் ஒரு தனித் தாங்கல் இடம் வைத்து, அங்கே இறக்கி, பிறகு நகலெடுக்க வேண்டும். சில கணினிகளில் இதனால் கிராபிக்ஸ் தகராறு செய்தது. அதனால்தான் எஸ்எம்இ தானாகவே இயங்கும்படி கட்டமைப்பில் இருந்த விருப்பம் 2021இல் இயல்பாக வராதபடி ஆக்கப்பட்டது, 2024இல் எடுத்தே விட்டார்கள். இப்போது வேண்டுமென்றால் கெர்னல் தொடக்க வரியில் 'மெம் அண்டர்ஸ்கோர் என்கிரிப்ட் ஈக்வல்ஸ் ஆன்' என்று நாமே எழுத வேண்டும்.

உங்கள் கணினியை முதலில் பாருங்கள்

எடுத்ததும் ஆவணத்தைத் திறக்காதீர்கள். முன்னால் இருக்கும் கணினி என்ன சொல்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். சிபியுஇன்ஃபோவில் எஸ்எம்இ இருக்கிறதா? கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் 'மெமரி என்கிரிப்ஷன் ஃபீச்சர்ஸ் ஆக்டிவ்' என்ற வரி இருக்கிறதா? இன்டெல் கணினியென்றால் 'எக்ஸ்86/டிஎம்இ' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், பயாஸ் திறந்துவிட்டதா இல்லையா என்று அங்கேயே சொல்லியிருக்கும்.

அப்புறம் எம்எஸ்ஆர், அதாவது சில்லின் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்கள். எம்எஸ்ஆர்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, எம்எஸ்ஆர் மாட்யூலை மோட்ப்ரோப் செய்து, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளைக்கு சி0010010 என்ற பதினாறடிமான எண்ணைக் கொடுங்கள். சிஸ்சிஎஃப்ஜி என்ற ரிஜிஸ்டர் அது. அதில் 23ஆவது பிட் மட்டும் நமக்குப் போதும். எஃப் என்ற விருப்பத்தோடு 23:23 என்று கொடுத்தால் 0 அல்லது 1 என்று ஒற்றை எண் வரும். வகுப்பில் ஒரு பெண் இதைச் செய்தபோது 1 வந்தது, டிமெஸ்ஜியில் ஒன்றும் வரவில்லை, கொடியும் இல்லை. "அண்ணா, எது சரி?" என்று கேட்டாள். மூன்றும் சரி. மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

மூன்று சொல்

கெர்னல் மூலத்தில் டாக்குமென்டேஷன் அடைவு, அதற்குள் ஆர்ச், அதற்குள் எக்ஸ்86. அங்கே ஏஎம்டி-மெமரி-என்கிரிப்ஷன் என்ற, ஆர்எஸ்டி எனும் எளிய எழுத்து வடிவில் உள்ள ஃபைல் இருக்கிறது. சின்ன ஆவணம்தான். எஸ்எம்இயின் நிலையை அது மூன்றாகப் பிரித்திருக்கும். சப்போர்ட்டட்: சில்லில் வசதி உண்டு, சிபியுஐடி அப்படிச் சொல்கிறது. எனேபிள்ட்: வசதியும் உண்டு, சிஸ்சிஎஃப்ஜியின் 23ஆவது பிட்டும் 1. ஆக்டிவ்: முதல் இரண்டோடு, பக்க அட்டவணைப் பதிவுகளில் கெர்னல் சி-பிட்டை உண்மையாகவே போட்டுக்கொண்டிருக்கிறது.

மொரிஷியஸ்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் புயல் எச்சரிக்கையை எடுத்துக்கொள்வேன். ஒன்றாம் வகுப்பு என்றால் கடலில் எங்கோ ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பு என்றால் பக்கத்தில் வந்துவிட்டது, ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கியாச்சா என்று அம்மா போன் பண்ணுவார். நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசத் தொடங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு அறிவித்ததை வைத்து 'காற்று அடிக்கிறது' என்று ஒருவரும் எழுத மாட்டோம். ஆனால் எனேபிள்ட் என்பதைப் பார்த்து ஆக்டிவ் என்று எழுதிவிடுகிறோம். நான் எழுதினேன்.

தமிழில் இது இன்னும் எளிது. உண்டு, திறந்திருக்கிறது, ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் இந்த மூன்றில் ஒன்றை வைத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் விஷயம் இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை.

இந்த மூன்றுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. அதே பெண் அடுத்த வாரம் கேட்டாள்: "கொடி இல்லையென்றால் மறையாக்கம் இல்லை என்று எழுதிவிடலாமா?" எழுதக்கூடாது. பயாஸே மறையாக்கத்தைத் தொடக்கிவிடும் வகை ஒன்று இருக்கிறது, டிஎஸ்எம்இ என்பார்கள். ரைசன் ப்ரோ மடிக்கணினிகளில் மெமரி கார்ட் என்ற பெயரில் விற்பது அதுதான். அங்கே எல்லா மெமரியும் மறையாக்கம் ஆகும், கெர்னல் சி-பிட்டைத் தொடவே வேண்டாம். ஆக, புதிய கெர்னலில் கொடியும் இராது, டிமெஸ்ஜியும் பேசாது, மெமரி மட்டும் பூட்டியே இருக்கும். கொடி இருப்பதை வைத்து ஒன்றும், இல்லாததை வைத்து இன்னொன்றும் முடிவு செய்யும் வாசகருக்காகத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள்.

நிரல், கையேடு, ஆவணம்

கெர்னல் மூலத்தை, மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவி வழியாக இறக்குங்கள். முழுசாக இறக்கினால் பல ஜிகாபைட் ஆகும். மொபைல் பேக்கேஜில் வேண்டாம். க்ளோன் செய்யும்போது ஃபில்டர் விருப்பத்தில் 'ப்ளாப்:நன்' என்று கொடுத்தால் தேவையானது மட்டும் வரும், வரலாறும் கையில் இருக்கும். ஆழம் ஒன்று என்று கொடுத்து இறக்காதீர்கள். வரலாறு போய்விடும், இந்த வேலைக்கு வரலாறுதான் சாப்பாடு.

இப்போது கொடியை யார் வைக்கிறார், யார் எடுக்கிறார் என்று பாருங்கள். ஆர்ச், எக்ஸ்86, கெர்னல், சிபியு என்று போய் ஏஎம்டி.சி ஃபைலில் 'எர்லி டிடெக்ட் மெம் என்கிரிப்ட்' (சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர்) என்ற ஃபங்க்ஷனைத் தேடுங்கள். அதன் தலையில் இருக்கும் குறிப்பைப் படித்தாலே என் கதை முழுக்க விளங்கிவிடும்: பயாஸ் திறக்காவிட்டால் எஸ்எம்இயைக் காட்டாதே, கெர்னல் எந்த வழியிலும் அதைத் தொடக்காவிட்டாலும் காட்டாதே. அந்த இரண்டாவது வரி எப்போது வந்தது என்று கிட் ப்ளேம் சொல்லும். டிமெஸ்ஜி வரியை அச்சிடும் நிரல் ஆர்ச், எக்ஸ்86, எம்எம் அடைவில் மெம் என்கிரிப்ட்.சி ஃபைலில் இருக்கிறது.

ஏஎம்டியின் நிரலாளர் கையேட்டின் இரண்டாம் தொகுதியும் பக்கத்தில் இருக்கட்டும். சில் என்ன செய்யும் என்பதற்குக் கையேடு சாட்சி. கெர்னல் என்ன செய்கிறது என்பதற்கு நிரல் சாட்சி. கெர்னல் ஆவணம் பேசவேண்டியது இரண்டாவதைப் பற்றி. கையேட்டுப் பத்திகளை எடுத்து ஆவணத்தில் ஒட்டுகிற பழக்கம் புதியவர்களுக்கு வரும். வேண்டாம், அடுத்த சில் வந்ததும் அது பழசாகிவிடும்.

கடைசியாக, கிட் க்ரெப்பில் மெம் அண்டர்ஸ்கோர் என்கிரிப்ட் என்று தேடுங்கள். ஒரே விஷயத்தைப் பல இடத்தில் சொல்லியிருப்பார்கள்: ஆர்எஸ்டி ஆவணம், கட்டமைப்புக் கோப்பின் உதவிக் குறிப்பு, அட்மின்-கைடு அடைவில் கெர்னல்-பாராமீட்டர்ஸ். ஓர் இடத்தைத் திருத்தி இன்னோர் இடத்தை விட்டால், பழையது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எழுதுவது

முதல் பேட்ச் ஒரு பத்திக்கு மேல் போகவேண்டாம். ஒரு வாக்கியமே போதும், அது சரியாக இருந்தால்.

'எஸ்எம்இ கொடி தெரிந்தால் மெமரி மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது' என்று எழுதலாம். சுருக்கமாக இருக்கிறது, பாதி கெர்னல்களில் தவறு. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'இந்தக் கொடி தெரிந்தால், கெர்னல் எஸ்எம்இயைப் பயன்படுத்துகிறது. தெரியாததை வைத்து மெமரி மறையாக்கம் ஆகவில்லை என்று முடிவு செய்ய முடியாது. பயாஸே அதைச் செய்துகொண்டிருக்கலாம்.' வாசகர் எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று இரண்டும் வந்துவிட்டன. நீங்கள் படிக்கும் நாளில் உங்கள் ஆவணத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் பேட்ச் கிடைத்துவிட்டது.

'பாதுகாப்பானது' என்ற சொல்லை எழுதும்போது கையை இழுத்துப் பிடியுங்கள். எதிலிருந்து? ரேம் சில்லைக் கழற்றிக்கொண்டு போகிறவரிடமிருந்து எஸ்எம்இ காக்கும். அதே கணினியில் ரூட்டாக உட்கார்ந்திருப்பவரிடமிருந்து காக்காது, அவர் படிக்கும்போது மெமரி கன்ட்ரோலர் பிரித்தே கொடுக்கும். மெய்நிகர் இயந்திரங்களுக்கு யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று செக்யூரிட்டி அடைவில் எஸ்என்பியையும் (எஸ்இவியின் அடுத்த வடிவம்) டிடிஎக்ஸையும் சேர்த்து ஓர் ஆவணமே இருக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் பெரிய வார்த்தைகள் தானாகக் குறையும்.

ஆர்எஸ்டி வடிவம் பயமுறுத்தாது. தலைப்புக்குக் கீழே சமக்குறி வரிசை, உள்தலைப்புக்குக் கீழே சிறுகோடு வரிசை. அந்த வரிசை தலைப்பைவிட ஓர் எழுத்து குறைந்தாலும், ஆவணத்தைக் கட்டும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி எச்சரிக்கை விடும். எழுதிய பிறகு 'மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்' ஓட்டுங்கள். மொத்த ஆவணத்தையும் கட்டினால் டீ குடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் அலூதாவும் குடித்துவிட்டு வரலாம். ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ் என்ற மாறிக்கு 'ஆர்ச்/எக்ஸ்86' என்று கொடுத்தால் அந்த அடைவு மட்டும் கட்டப்படும். உங்கள் வரிகளால் புது எச்சரிக்கை ஒன்றும் வரக்கூடாது.

அனுப்புவது

கமிட்டின் (கிட்டில் பதியும் மாற்றத்தின்) தலைப்பு ஏவல் வினையில் இருக்க வேண்டும்: திருத்து, சேர், தெளிவாக்கு. நாம் சமையல் சொல்லிக்கொடுக்கிற தொனி. முன்னால் 'டாக்குமென்டேஷன்/எக்ஸ்86:' மாதிரி ஒரு முன்னொட்டு, அதே ஃபைலின் கிட் லாகைப் பார்த்தால் வழக்கம் புரியும். செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என் கதை மாதிரி ஒரு குழப்பத்தை இரண்டு வரியில் சொன்னாலே ஏன் என்பது விளங்கிவிடும். கொடியின் பொருளை மாற்றிய பழைய கமிட்டைச் சுட்டுவதானால், அதன் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்தும் தலைப்பும் கொடுங்கள்.

அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி. இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கொடுக்கும் கையெழுத்து அது. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் வரும். தாத்தா பெயர் முத்துசாமி, பதிவேட்டில் பிரெஞ்சு காதில் விழுந்தபடி மூட்டூசாமி. எதைப் போடுவது? எதைச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார்களோ அதைப் போடுங்கள், ஆனால் எப்போதும் அதே எழுத்தில்.

செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டிடம் பேட்ச்சைக் காட்டினால் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல் தரும். கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையால் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். உலாவியில் ஒட்டி அனுப்பினால் டேப்கள் சிதைந்து பேட்ச் உதவாமல் போகும். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, அதைச் சேமித்து, கிட் ஏஎம் கொண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் பொதுவாக அறிவுரை சொல்வதைத் தவிர்ப்பவன், ஆனால் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

அப்புறம் காத்திருங்கள். பதில் வரும்போது இரண்டு வார்த்தையாக வரலாம். கோபம் என்று நினைக்காதீர்கள், அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு பதிப்பு வெளியானதும் அடுத்ததற்காக இரண்டு வாரம் இணைப்புக் காலம் நடக்கும், அப்போது புதிய பேட்ச்சைப் பார்க்கப் பலருக்கு நேரம் இராது. ஒன்றிரண்டு வாரம் பொறுத்து மெதுவாக நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால், கேட்ட இடத்துக்குக் கீழேயே பதில் எழுதி, 'வி2' என்று குறித்து மறுபடி அனுப்புங்கள். என்ன மாறியது என்ற குறிப்பை மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது வரலாற்றில் பதியாது.

தமிழில் இந்த ஆவணங்கள் இல்லையா என்று வகுப்பில் கேட்பார்கள். மொழிபெயர்ப்பு அடைவில் சீனம், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் வந்த நோட்டில் வரிசை மாறியதற்கே தீவு முழுக்கப் பேச்சு எழுந்து நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வேகத்தில் கால்வாசி இருந்தால் இதையும் தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் ஆங்கில மூலத்தில் ஒரு வரியாவது உங்கள் பெயரில் இருக்கட்டும், ஆவணத்தைப் பராமரிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பழகிவிடும்.

தணிக்கைப் படிவம் இந்த வருடமும் வந்தது. அதே கேள்வி, அதே ஆம் / இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, உண்டு, திறந்திருக்கிறது, ஓடவில்லை என்று எந்த எந்த சர்வருக்கு எது என்பதை எழுதினேன். கட்டம் போதவில்லை. பின்பக்கம் தொடர்ந்தேன்.